வண்டி கிளம்பலையா? பேட்டரிக்குக் கடன் கேட்கும் முன்

அரக்கோணம் பக்கம் குழு வீடுகளில் பழைய மாருதி 800 வைத்திருக்கிறோம். 1983 முதல் 2014 வரை தயாரான வண்டி. இன்று ஓடுவதெல்லாம் வயதானவையே. ஒருநாள் கிளம்பாவிட்டால், "பேட்டரி போச்சு" என்ற ஒரே சொல்லை நம்பிக் குழுவில் கடன் கேட்கிறோம். முதலில் சாவியைத் திருப்பி, சத்தத்தைக் கேளுங்கள்.

'டக் டக்' மட்டும் வந்து, ஹெட்லைட்டும் மங்கினால் பேட்டரியில் சார்ஜ் இல்லை, அல்லது அதன் முனைகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருக்கிறது. வெறுங்கையால் தொடாதீங்க, அமிலம்! சாவியை எடுத்துவிட்டு மைனஸ் வயரை முதலில் கழற்றுங்கள், பிறகு பிளஸ். வெந்நீரில் ஆப்பசோடா கலந்து, பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து, துடைத்துக் காயவிடுங்கள். மாட்டும்போது பிளஸ் முதலில், மைனஸ் கடைசியில். பல நேரம் இதிலேயே கிளம்பிவிடும்.

எஞ்சின் நன்றாகச் சுற்றியும் பிடிக்கவில்லையா? குறை பேட்டரியில் இல்லை. பெட்ரோல் வருகிறதா, மூன்று ஸ்பார்க் பிளக்கிலும் கரி படிந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

ஓடும்போதே பேட்டரி விளக்கு எரிந்தால் சார்ஜ் ஏறவில்லை. பெல்ட் தளர்ந்திருக்கலாம். அதைக் கவனிக்காமல் புதுசு போட்டால் அந்தப் பேட்டரியும் இறங்கிவிடும், கடன் மட்டும் நிற்கும்.

வாங்கியே தீரணும் என்றால் பழையதைக் கடையில் சும்மா விட்டு வராதீங்க. உள்ளே ஈயம் இருக்கிறது. அதற்கு விலை கழிப்பார்கள். வாரண்டி அட்டையில் தேதி போட்டு வாங்குங்கள்.