நித்திரை ஆய்வு அறிக்கை: அதனை வாசிக்கும் முறையும் சாரதி அனுமதிப்பத்திரம் பற்றிய அச்சமும்

நித்திரை ஆய்வுகூடத்தில் ஓர் இரவைக் கழித்து வந்தவருக்குச் சில வாரங்களின் பின்னர் அறிக்கை ஒன்று கிடைக்கிறது. எண்களும் வரைபடங்களும் நிறைந்த அந்தப் பக்கங்களில் அவர் கண்ணில் முதலில் படுவது ‘மைல்ட்’, ‘மொடறேற்’, ‘சிவியர்’ என்னும் மூன்று சொற்களுள் ஒன்று. வாகனம் ஓட்டிப் பிழைப்பவராயின், அடுத்து எழும் எண்ணம் சாரதி அனுமதிப்பத்திரத்தைப் பற்றியது. இந்த அச்சத்தினாலேயே ஆய்வுக்குச் செல்வதை ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடுவோரும் உளர். அறிக்கை, அச்சம் ஆகிய இரண்டையும் இக்கட்டுரை எடுத்து நோக்குகிறது.

ஆங்கிலத்தில் ‘ஸ்லீப் அப்னியா’ எனப்படும் நித்திரை மூச்சுத்தடை, நித்திரையில் தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப்பாதை மீண்டும் மீண்டும் அடைபடும் நிலையாகும். ஒவ்வோர் அடைப்பின்போதும் குருதியில் ஒட்சிசன் குறையலாம். மூளை சில வினாடிகள் விழித்து மூச்சை மீட்கும். நித்திரையில் இருப்பவர் அதனை அறியார். காலையில் தலைவலி, வாய் உலர்தல், பகலில் கண் செருகுதல் ஆகியவற்றையே அவர் அறிவார். நம் வீடுகளில் குறட்டை ஆழ்ந்த நித்திரையின் அடையாளமாகவே கருதப்பட்டு வந்துள்ளது. குறட்டை விடும் அனைவருக்கும் இந்நோய் இல்லை என்பது உண்மை. ஆயினும் குறட்டை இடையிடையே நின்று, பின்னர் மூச்சுத்திணறலோடு மீண்டும் தொடங்குவதை வீட்டார் கண்டிருப்பின், அது குடும்ப மருத்துவரிடம் சொல்லப்பட வேண்டிய செய்தி.

ஆய்வுக்கு அனுப்புமுன் பல மருத்துவர்கள் கேட்கும் எட்டுக் கேள்விகள் இந்நகரத்திலேயே உருவானவை. ‘ஸ்டொப்-பாங்’ என வழங்கும் அந்த வினாக்கொத்தை, ரொறன்ரோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மயக்கமருந்து மருத்துவர் பிரான்சஸ் சங்கும் அவருடைய குழுவினரும் 2008 இல் வெளியிட்டனர். சத்திரசிகிச்சைக்கு வருவோரிடையே நித்திரை மூச்சுத்தடை உள்ளவர்களை முன்கூட்டியே இனங்காண்பது அதன் நோக்கம். குறட்டை, பகற்களைப்பு, பிறர் கண்ட மூச்சு நிறுத்தம், உயர் குருதியழுத்தம், உடற்பருமன், 50 ஐக் கடந்த வயது, கழுத்துச் சுற்றளவு, ஆண்பால் என்பவற்றுக்குத் தலா ஒரு புள்ளி. மூன்று புள்ளிகளோ அதற்கு மேலோ பெற்றால் கவனம் தேவை. ஐந்து அல்லது அதற்கு மேலாயின் வாய்ப்பு அதிகம். இவ்வினாக்கொத்தில் உடற்பருமனுக்கான எல்லை உடல் நிறைச் சுட்டெண் 35. தெற்காசியருக்கு அதனிலும் குறைந்த எடையிலேயே நீரிழிவு, இதயநோய் முதலியவை தோன்றுவதால், ‘மெலிந்த உடம்பு, ஆகவே கவலையில்லை’ என எண்ணிவிடலாகாது. மாதவிடாய் நின்ற பின்னர் பெண்களிடத்தும் இந்நோய் கூடுகிறது. அவர்கள் குறட்டையைவிடத் தூக்கமின்மை, சோர்வு என்றே பெரும்பாலும் முறையிடுவதால் கண்டறிதல் தாமதமாகிறது.

அறிக்கையை வாசித்தல்

கற்பனையான ஓர் அறிக்கையை எடுத்துக்கொள்ளலாம். அது ஸ்காபுறோவில் வசிக்கும் 52 வயதுப் பாரவூர்திச் சாரதி ஒருவருடையது. படுக்கையில் இருந்த நேரம் 400 நிமிடம். நித்திரை செய்த நேரம் 320 நிமிடம். எனவே நித்திரைத் திறன் 80 வீதம். ‘வயர்களைப் பூட்டியதால் அன்றிரவு நித்திரையே வரவில்லை, ஆய்வு பிழைத்திருக்கும்’ என்று பலர் கூறுவதுண்டு. அந்நிய இடத்தில் நித்திரை குறைவது எதிர்பார்க்கப்படுவதே. சில மணித்தியால நித்திரையும் பெரும்பாலும் போதுமானது.

அடுத்து வருவது ‘ஏ.எச்.ஐ.’ என்னும் சுட்டெண். மூச்சோட்டம் ஏறக்குறைய முற்றாக, குறைந்தது 10 வினாடிகள் நின்றால் அது மூச்சுத்தடை. மூச்சோட்டம் குறைந்தது 30 வீதம் தாழ்ந்து, அதனுடன் ஒட்சிசன் வீழ்ச்சியோ குறுவிழிப்போ சேர்ந்தால் அது மூச்சுக்குறைவு. இவ்வறிக்கையில் அடைப்பினால் வந்த மூச்சுத்தடை 40, மூளையின் கட்டளை தவறியதால் வந்த மூச்சுத்தடை 2, மூச்சுக்குறைவு 86, மொத்தம் 128. நித்திரை செய்த 5 மணி 20 நிமிடத்தால் அதனை வகுத்தால் மணிக்கு 24 எனக் கிடைக்கிறது. பெரியவர்களுக்கு 5 இற்குக் குறைந்தால் இயல்பு. 5 முதல் 15 இற்குக் கீழ் ‘மைல்ட்’. 15 முதல் 30 இற்குக் கீழ் ‘மொடறேற்’. 30 உம் அதற்கு மேலும் ‘சிவியர்’.

‘மைல்ட்’ என்பதை ‘இலேசானது’ எனவும் ‘மொடறேற்’ என்பதை ‘நடுத்தரமானது’ எனவும் தமிழாக்கும்போது அவை ஆபத்தற்றவை என்ற பொருள் ஏறிவிடுகிறது. உண்மையில் அவை அடைப்புகளின் எண்ணிக்கைக்கு இடப்பட்ட பெயர்கள் மட்டுமே. ஓர் அடைப்பு எவ்வளவு நேரம் நீடித்தது, ஒட்சிசன் எவ்வளவு தாழ்ந்தது, மறுநாள் அவர் எப்படி இருந்தார் என்பவற்றை அப்பெயர்கள் கூறுவதில்லை. சுட்டெண் 8 உள்ள ஒருவர் மதியத்தில் வாகனத்தில் கண்ணயரலாம்; 35 உள்ள இன்னொருவர் எந்தக் களைப்பையும் உணராதிருக்கலாம்.

எண்ணும் விதியும் ஒன்றல்ல. மூச்சுக்குறைவைக் கணக்கிட 3 வீத ஒட்சிசன் வீழ்ச்சியையோ குறுவிழிப்பையோ சில ஆய்வுகூடங்கள் ஏற்கின்றன. 4 வீத வீழ்ச்சியை மட்டும் ஏற்கும் விதியும் உண்டு. மேற்கண்ட 128 நிகழ்வுகளில், 4 வீத விதிக்கு 75 மட்டுமே தேறின என்று கொண்டால், அதே மனிதரின் அதே இரவு 24 இலிருந்து 14 ஆகி, ‘மொடறேற்’ ‘மைல்ட்’ ஆகிவிடும். இரு இடங்களில் எடுத்த அறிக்கைகள் மாறுபட்டால், எந்த விதி பயன்பட்டது என்பதே முதற்கேள்வியாக வேண்டும். வீட்டில் செய்யும் எளிய சோதனையில் மூளை அலைகள் பெரும்பாலும் பதிவாவதில்லை. நித்திரை நேரத்துக்குப் பதிலாகக் கருவி இயங்கிய நேரத்தால் வகுப்பதால், அதன் சுட்டெண் உண்மையிலும் குறைவாக வரக்கூடும்.

பக்கத்தின் கீழ்ப்பகுதியில் உள்ள வரிகளைப் பலர் வாசிப்பதில்லை. பயன் மிகுந்தவை அவையே. நம் சாரதி மல்லாந்து படுத்த 140 நிமிடத்தில் 96 நிகழ்வுகள், அதாவது மணிக்கு 41. ஒருக்களித்துப் படுத்த 180 நிமிடத்தில் 32 நிகழ்வுகள், மணிக்கு 11. ஒருக்களித்துப் படுப்பதும் இவருக்குச் சிகிச்சையின் ஒரு பகுதியாகலாம் என்பதை இவ்விரு எண்கள் காட்டுகின்றன. மிகத் தாழ்ந்த ஒட்சிசன் அளவு 79 வீதம். 90 வீதத்துக்குக் கீழ் இருந்த நேரம் 22 நிமிடம். ஒரு கணத் தாழ்வு உணரியின் பிழையாகவும் இருக்கலாம். 22 நிமிடம் அவ்வாறன்று. உயர் குருதியழுத்தமோ இதயத் துடிப்புச் சீர்கேடோ உள்ளவர் இந்த வரியைச் சுட்டிக்காட்டி மருத்துவரிடம் விளக்கம் கேட்க வேண்டும்.

‘எப்வேர்த்’ எனப்படும் பகல்மயக்க அளவுகோல் மெல்போர்ன் நகரில் மருத்துவர் மரே ஜோன்ஸ் 1991 இல் வெளியிட்டது. எட்டுச் சூழ்நிலைகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை. 10 இற்கு மேற்பட்டால் மிகை மயக்கம். இதனை நிரப்புவது நோயாளரே. அனுமதிப்பத்திரத்துக்கு அஞ்சி எல்லாவற்றுக்கும் சுழியம் இடுபவர், தமக்குத் தேவையான சிகிச்சையைத் தாமே மறுத்துக்கொள்கிறார்.

அறிக்கையின் பிரதியைப் பெறுவது சட்டப்படியான உரிமை. ஒன்ராறியோவின் 2004 ஆம் ஆண்டுத் தனிநபர் சுகாதாரத் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், எழுத்தில் கேட்டால் பொதுவாக 30 நாட்களுக்குள் பதில் அளிக்கப்பட வேண்டும். நியாயமான கட்டணம் அறவிடப்படலாம்.

கருவியும் அதன் செலவும்

காற்றழுத்தத்தால் தொண்டையைத் திறந்துவைக்கும் சீபாப் கருவியை 1981 இல் சிட்னியில் மருத்துவர் கொலின் சலிவன் அறிமுகப்படுத்தினார். ஒன்ராறியோவில் உதவிச் சாதனங்கள் திட்டம், தான் ஏற்றுக்கொண்ட விலையில் 75 வீதத்தைச் செலுத்துகிறது. சமூக உதவி பெறுவோருக்கு முழு விலையும் கிடைக்கும். மருத்துவரின் பரிந்துரையும், திட்டத்தில் பதிவுபெற்ற விற்பனையாளரும் வேண்டும். எந்த விற்பனையாளரிடம் வாங்குவது என்பது நோயாளரின் தெரிவு. ஆய்வுகூடத்துக்கு அடுத்த கதவில் உள்ள கடையில்தான் வாங்க வேண்டும் என்றில்லை. பின்னர் மாற்ற வேண்டிய முகமூடி, குழாய், வடிகட்டி ஆகியவற்றின் செலவை முன்கூட்டியே கேட்டறிவது நன்று.

உறவினரின் பழைய கருவியை வாங்கிப் பயன்படுத்துவது நம்மிடையே அரிதன்று. அழுத்தம் வேறொருவருக்காக அமைக்கப்பட்டிருக்கும். அத்துடன் 2021 ஜூன் மாதத்தில் பிலிப்ஸ் நிறுவனம், ஒலிதணிக்கும் நுரைப்பொருள் சிதையக்கூடும் எனக் கூறிப் பெருந்தொகையான கருவிகளை மீளப்பெற்றது. அத்தகைய கருவி ஒன்று அலமாரியில் இன்னும் இருக்கக்கூடும்.

அனுமதிப்பத்திரம்

நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 203 ஆம் பிரிவின்படி, குறித்த சில நிலைகளில் மருத்துவர் நோயாளரின் சம்மதமின்றியே போக்குவரத்து அமைச்சுக்கு அறிவிக்கக் கடமைப்பட்டவர். அந்நிலைகள் 2018 ஜூலை 1 முதல் ஒழுங்குவிதியில் வரையறுக்கப்பட்டுள்ளன. திடீரெனச் செயலிழக்கும் ஆபத்து மிதமாகவோ உயர்வாகவோ உள்ள நோய் அவற்றுள் ஒன்று. சிகிச்சை பெறாமல், ஓட்டும்போதே கண்ணயரும் நித்திரை மூச்சுத்தடை அதனுள் அடங்கக்கூடும். நோயின் பெயர் அறிக்கையில் எழுதப்பட்டது மட்டும் அதற்குப் போதாது. இந்நோய் உள்ள பெருந்தொகையான சாரதிகள், வர்த்தக வாகனம் ஓட்டுவோர் உட்பட, சிகிச்சையுடன் தொடர்ந்து ஓட்டிவருகின்றனர்.

பாரவூர்தி, பேருந்து முதலியவற்றுக்கான அனுமதிப்பத்திரம் உடையோர் 46 வயதுக்குக் கீழ் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறையும், 46 முதல் 64 வரை மூன்று ஆண்டுக்கு ஒருமுறையும், 65 இலிருந்து ஆண்டுதோறும் மருத்துவ அறிக்கை அளிக்க வேண்டும். அங்கு சீபாப் கருவியின் பதிவுகள் சாரதியின் பக்கத்துச் சான்றாகின்றன. எத்தனை இரவு, எத்தனை மணித்தியாலம் அணிந்தார், கருவியுடன் எஞ்சிய சுட்டெண் எவ்வளவு என்பன அதில் பதிவாகின்றன. எஞ்சிய சுட்டெண் 5 இற்குக் கீழ் இருப்பதே பொதுவான இலக்கு. மாறாக, தமக்கு மயக்கம் வருவதை அறிந்திருந்தும் ஓட்டி விபத்துக்கு உள்ளானவரின் வழக்கில், ‘அவர் அறிந்திருந்தாரா, அறிந்திருக்க வேண்டியவரா’ என்பது நீதிமன்றம் கேட்கும் கேள்விகளுள் ஒன்று. ஆய்வைத் தவிர்த்தல் அக்கேள்விக்கு விடையாகாது.

மருத்துவர் அறிவித்தாலும் முடிவு அமைச்சினுடையதே. மேலதிக மருத்துவத் தகவல் கேட்டுக் கடிதம் வந்தால், அதில் குறித்த தேதிக்குள் படிவத்தை நிரப்பி அனுப்புவது முதன்மையானது; தேதி தவறினால் அதன் பொருட்டே அனுமதிப்பத்திரம் இடைநிறுத்தப்படலாம். மருத்துவக் காரணத்தால் இடைநிறுத்தப்பட்டவர், சிகிச்சை பலனளிப்பதைக் காட்டும் அறிக்கையை அமைச்சுக்கு அனுப்பி மீளக் கோரலாம். அனுமதிப்பத்திர மேன்முறையீட்டுத் தீர்ப்பாயத்திலும் முறையிடலாம். ஒன்ராறியோ சட்டச் சங்கத்தின் பரிந்துரைச் சேவையூடாக வழக்கறிஞர் அல்லது சட்டத்துணைவர் ஒருவருடன் 30 நிமிடம் வரை கட்டணமின்றிப் பேச முடியும். மருத்துவ ஐயங்களுக்கு 811 என்னும் எண்ணை எந்நேரத்திலும் அழைத்து, தமிழில் மொழிபெயர்ப்பு உதவி கேட்கலாம்.