மகாநாட்டிற் பேசுதலும் படம் வைத்தலும்

நமது கல்லூரியின் பழைய மாணவர் பலர் இன்று வைத்தியராகவும், பொதுச் சுகாதாரப் பரிசோதகராகவும், ஆய்வுகூட உத்தியோகத்தராகவும் கடமை புரிகின்றனர். அவர்களுட் சிலராவது ஆண்டுதோறுந் தாம் செய்த சிறு ஆராய்ச்சியொன்றைச் சுகாதார மகாநாட்டிற் சமர்ப்பிக்க வேண்டியவராகின்றனர். மேல்வகுப்பு மாணவர்க்கும் இத்தேவை தொலைவில் இல்லை. ஆராய்ச்சிக்கு ஓராண்டு செலவிட்டவர் அதை எடுத்துரைக்கும் வகையைச் சிந்திப்பதற்கு ஓரிரவுகூடச் செலவிடாமையை நான் பலகாற் கண்டிருக்கிறேன். இதுபற்றிப் பேச எனக்குள்ள தகுதி எனது சொந்தத் தோல்வியேயாம்.

முதன்முறையாக நான் மகாநாடொன்றிற் பேசியபோது எனக்கு அளிக்கப்பட்ட நேரம் 10 நிமிடம். நான் கொண்டு சென்ற படவில்லைகள் 31. ஒரு கிராமத்துக் கிணறுகளையும், அங்குள்ள சிறுவர்க்கு மாரிகாலத்தில் உண்டாகும் வயிற்றோட்டத்தையும் பற்றியது எனது ஆராய்ச்சி. கிராமத்தின் அமைவு, மண்ணின் இயல்பு, முன்னோர் செய்த ஆய்வுகள், நீர் மாதிரி எடுத்த முறை என்றிவற்றை விரித்துரைத்துக்கொண்டிருக்கையில் தலைவர் மணியை அடித்தார். மலகூடக் குழிகளுக்கு அண்மையிலிருந்த கிணறுகளே கெட்டிருந்தன என்னும் முடிவு 27ஆம் படவில்லையில் இருந்தது. அதை ஒருவருங் காணவில்லை. கிணறுகளைத் திருத்துவதற்குப் பணம் ஒதுக்கக்கூடிய அதிகாரி ஒருவர் முன்வரிசையில் அமர்ந்திருந்தார். கூட்டம் முடிந்ததும் அவர் என்னிடம் வந்து, கிராமத்தின் புகைப்படங்கள் மிக அழகாக இருந்தன என்று பாராட்டிச் சென்றார். அவரிற் குற்றமில்லை, அவருக்கு நான் காட்டியது அவ்வளவே. அவ்வாண்டு மாரியிலும் அச்சிறுவர் அந்த நீரையே குடித்தனர்.

இத்துறையில் எனக்கு ஆசிரியராய் வாய்த்தவர் 1858ஆம் ஆண்டிலேயே காலஞ்சென்ற ஆங்கில வைத்தியராகிய ஜோன் ஸ்னோ ஆவர். 1854 ஓகஸ்ற் மாத இறுதியில் இலண்டன் நகரின் சோகோப் பகுதியில் வாந்திபேதி திடீரெனப் பரவிச் சில வாரங்களுள் 600க்கு மேற்பட்டோரைக் கொன்றது. கெட்ட காற்றே இந்நோய்க்குக் காரணமென அக்கால வைத்தியருட் பெரும்பாலோர் நம்பினர். நீரே காரணமென்பது ஸ்னோவின் துணிபு. செப்டெம்பர் 7ஆந் திகதி மாலை அவர் அப்பகுதிப் பரிபாலன சபையார் முன் சென்று பேசினார். அவர் நாவலரல்லர், குரலும் கரகரத்ததென்று அவரோடு பழகிய நண்பர் எழுதியுள்ளார். ஆயினும் மறுநாளே புறோட் வீதியிலிருந்த நீர்ப்பம்பின் கைபிடி கழற்றப்பட்டது.

அவர் கைவசம் இருந்த சான்று சிறிது. பதிவாளர் ஏட்டிற் கண்ட 83 மரணங்களை எடுத்துக்கொண்டு வீடு வீடாகச் சென்று விசாரித்தார். அவற்றுள் 10 மரணங்கள் மட்டுமே வேறு பம்புகளுக்கு அண்மையிலுள்ள வீடுகளில் நிகழ்ந்தவை. அந்தப் பத்தினுள்ளும் ஐந்து குடும்பத்தார் புறோட் வீதி நீரையே விரும்பி எடுப்பித்தவர். வேறு மூவர் அப்பம்பின் அருகே பாடசாலை சென்ற பிள்ளைகள். இத்தகைய சான்றைச் சொல்லி முடிப்பதற்கு ஐந்து நிமிடம் போதும். ஒரு கேள்வி, அதற்கு ஒரு விடை, விடைக்குச் சான்று, செய்யவேண்டிய ஒரு காரியம் என்னும் நான்கும் அதனுள் அடங்கிவிடுகின்றன. செய்யவேண்டிய காரியமோ கையாற் கழற்றக்கூடிய அளவு சிறியது. மகாநாட்டுப் பேச்சின் இலக்கணத்தை இதனினுந் தெளிவாகக் காட்டும் உதாரணத்தை நான் அறியேன்.

ஆகவே, பேச்சை எழுதத் தொடங்குமுன் அதன் முடிவை ஒரேயொரு வாக்கியமாக எழுதிக்கொள்க. வீட்டிலுள்ள மூத்தவர் ஒருவருக்கு அதனைச் சொல்லிப் பார்க்க. அவருக்கு விளங்காவிடின் சபைக்கும் விளங்காது. 10 நிமிடப் பேச்சாயின் அவ்வாக்கியம் இரண்டாம் நிமிடம் முடியுமுன் ஒருமுறையும், இறுதியில் ஒருமுறையும் வரவேண்டும். இடையிலுள்ள நேரத்தின் பெரும்பகுதி சான்றுக்கே உரியது. ஆய்வு முறையைக் கேட்போர் நம்பும் அளவிற்கு உரைத்தாற் போதும். ஐயமுள்ளவர் பின்னர்க் கேட்பர். படவில்லை நிமிடத்துக்கு ஒன்றுக்கு மேற் செல்லலாகாது. அதிலுள்ளதை அப்படியே வாசிப்பது சபையோரை எழுத்தறியாதவராகக் கருதுவதாகும். மணிக்கூட்டை வைத்து, எழுந்து நின்று, உரத்த குரலில் மூன்று முறையாவது பேசிப் பழகுக. மனத்துள் வாசிக்கும்போது எட்டு நிமிடமாயிருப்பது வாயாற் பேசும்போது பன்னிரண்டாகிவிடும்.

முன்னதாக அனுப்பவேண்டிய ஆய்வுச் சுருக்கம்பற்றி ஒன்றே சொல்வேன். "முடிவுகள் மகாநாட்டில் விளக்கப்படும்" என எழுதாதீர்கள். முடிவு இல்லாத சுருக்கத்தைத் தெரிவுக் குழுவினர் ஒதுக்கிவிடுவது நியாயமே.

கேள்வி நேரத்தைக் கண்டு அஞ்சுவோர் பலர். அவர்கள் ஹென்றி வைற்ஹெட் என்னும் பாதிரியாரின் வரலாற்றை அறிதல் நன்று. அவர் சோகோவிற் பணி செய்தவர். ஸ்னோவின் கொள்கை பிழையென நிறுவும் எண்ணத்துடனேயே தமது விசாரணையைத் தொடங்கினார். விசாரிக்க விசாரிக்க ஸ்னோவின் பக்கமே சான்று குவிந்தது. ஈற்றில், அப்பம்பை அடுத்த வீட்டில் நோயுற்ற குழந்தையொன்றின் துணிகளை அலசிய நீர் மலக்குழியிற் சென்று சேர்ந்தமையையும் அவரே கண்டறிந்தார். எதிர்த்துக் கேட்பவர் இவ்வாறு உங்கள் ஆராய்ச்சியை நிறைவுசெய்பவராகவும் அமையலாம். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுவதில் இழிவில்லை. உங்கள் ஆய்வின் குறையைப் பிறர் காட்டுமுன் நீங்களே காட்டுங்கள். கைபிடியைக் கழற்றுமுன்பே நோய் தணியத் தொடங்கியிருந்ததென்பதை ஸ்னோ மறைக்கவில்லை. மக்கள் பகுதியை விட்டு ஓடியதும் அதற்குக் காரணமாகலாமெனத் தாமே எழுதினார். இவ்வளவு நேர்மையிருந்தும் 1855இல் அரசாங்கக் குழுவினர் அவர் கொள்கையை ஏற்கவில்லை என்பதையுஞ் சொல்லவேண்டும். நல்ல பேச்சு எப்பொழுதும் வெல்லுமென நான் வாக்களிக்கமாட்டேன்.

இனிப் படம் வைத்தலைக் கவனிப்போம். பேச இடம் கிடையாதவர்க்கு அளிக்கும் ஆறுதற் பரிசாக இதைப் பலர் எண்ணுகின்றனர். நான் அவ்வாறு கொள்ளேன். ஸ்னோவின் புகழை இன்றுவரை நிலைநிறுத்துவது அவர் பேச்சன்று, அவர் வரைந்த படமேயாகும். ஒவ்வொரு மரணத்துக்கும் ஒரு சிறு கருங்கோடு. ஒரே வீட்டிற் பலர் இறந்திருப்பின் கோடுகள் ஒன்றன்மேலொன்றாக அடுக்கப்பட்டிருக்கும். 1854 டிசெம்பரில் இலண்டன் தொற்றுநோயியற் சங்கக் கூட்டத்தில் அப்படத்தை அவர் காட்டினார். பம்பைச் சுற்றிக் கருமை திரண்டிருப்பதை வாசிக்கத் தெரியாதவனுங் காண்பான். பக்கத்திலேயே மதுவடிசாலை ஒன்று. எழுபதுக்கு மேற்பட்ட தொழிலாளர் இருந்தும் அங்கு எவரும் வாந்திபேதியால் இறக்கவில்லை. அவர்களுக்கு மது இலவசமாகக் கிடைத்தது. ஆதலின் பம்பு நீர் வேண்டியிருக்கவில்லை. (இதை மதுவுக்குச் சாதகமான வாதமாகக் கொள்ளவேண்டாமென மாணவரைக் கேட்டுக்கொள்கிறேன்.)

மகாநாட்டுப் படம் பெரும்பாலும் ஏ-0 என்னும் அளவினது. 841 மில்லிமீற்றர் அகலமும் 1189 மில்லிமீற்றர் உயரமும் உடையது. பலகை நெடுக்கோ குறுக்கோ என்பதை முன்னரே கேட்டறிக. தலைப்பு ஐந்து மீற்றர் தூரத்தில் நிற்பவர்க்கும் தெரியவேண்டும். அத்தலைப்பிலேயே முடிவைச் சொல்லிவிடுவது உத்தமம். "கிணற்று நீர்பற்றிய ஓர் ஆய்வு" என்பதிலும் "குழிக்கு அண்மைக் கிணறுகளே கெட்டன" என்பது வழிப்போக்கனை நிறுத்தும். எழுத்து 24 புள்ளிக்குக் குறையாதிருத்தல் வேண்டும். ஐந்நூறு சொற்களுக்கு மேற்பட்டால் எவரும் வாசியார். சிவப்பையும் பச்சையையும் எதிரெதிராக வைக்காதீர்கள். அவற்றைப் பிரித்தறிய இயலாதோர் ஆண்களுட் பலருளர். நோயாளரின் முகத்தை அவர்தம் சம்மதமின்றி ஒருபோதும் இடலாகாது.

வரைபடத்தில் ஏமாற்றமும் உண்டு. நமது நாட்டு மலேரியாவை எடுத்துக்கொள்வோம். 1934-35 ஆண்டுகளிற் கொடிய பஞ்சம்போல் வந்து பல்லாயிரவரைக் கொன்ற இந்நோய், நுளம்பை ஒழிக்க டீ.டீ.ரி. தெளித்ததன் பின்னர் படிப்படியாகக் குறைந்து, 1963இல் 17 நோயாளர் என்னும் அளவிற்கு வந்தது. காவல் தளர்ந்தது. 1969இல் நோயாளர் தொகை 5 இலட்சத்தைத் தாண்டியது. இவ்விரண்டையும் ஒரே அளவுத்திட்டத்தில் வரைந்தால் 1963 வெறும் பூச்சியமாகவே தோன்றும். பார்ப்பவர் நோய் அற்றுப்போய்ப் பின்னர் வெளியிலிருந்து வந்ததென எண்ணுவர். உண்மை அதுவன்று, அந்தப் பதினேழுதான் கதை முழுவதும். ஆதலின் அவ்விடத்திற் கோட்டை மட்டும் நம்பாது, அம்புக்குறியிட்டு "17" என்று பெரிதாக எழுதவேண்டும். உள்நாட்டிற் தொற்றிய இறுதி நோயாளர் 2012 ஒக்ரோபரிற் காணப்பட்டார்; 2016இல் உலகச் சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென அங்கீகரித்தது. அந்த இடத்திலும் ஒரு குறிப்பு எழுதுதல் தகும்: நோயைக் காவும் நுளம்பு இன்னும் நம்மிடையே உண்டு.

படத்தை மாட்டிவிட்டுத் தேநீர் அருந்தச் சென்றுவிடுவோர் பலர். அருகே நில்லுங்கள், ஆனால் பார்ப்பவரை மறைத்து நில்லாதீர்கள். அவர் தலைப்பை வாசித்து முடிக்கும்வரை வாய் திறவாதிருந்து, பின்னர் ஒரு நிமிடத்துள் விஷயத்தைச் சொல்லுங்கள். எனது கிணற்று ஆய்வை மறு ஆண்டில் நான் படமாக வைத்தேன். வேறு மாவட்டத்துப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஒருவர் நெடுநேரம் நின்று பார்த்தார். தமது பகுதியிலும் இதே நிலையென்றும், குழிக்கும் கிணற்றுக்குமிடையே எத்தனை அடியை நான் அளந்தேனென்றும், மழைக்கு முன்னரா பின்னரா நீர் எடுத்தேனென்றும் கேட்டார். இரண்டாங் கேள்விக்கு என்னிடம் முழு விடை இருக்கவில்லை. அவர் விலாசத்தை எழுதி வாங்கக் கையிற் பேனா இல்லாது நான் பட்ட அவதியை நினைத்துச் சொல்கிறேன்: ஒரு சிறு கொப்பியும் பேனாவும் சட்டைப் பையில் இருக்கட்டும்.