நானே வெட்டிய பத்தி

அன்புள்ள தங்கைக்கு,

இணைய அறிவியல் செய்தித் தளத்தில் வேலை வந்திருக்கிறது, மூன்று ஆண்டுக்கு ஓர் அறக்கட்டளையின் கிராண்ட், சேரலாமா என்று கேட்டிருக்கிறாய். சேர். ஆனால் அந்தக் கிராண்ட் ஒப்பந்தத்தைக் கேட்டு வாங்கிப் படி. பிரசுரத்துக்கு முன் கட்டுரையைப் பார்க்கும் உரிமை அறக்கட்டளைக்கு உண்டா? பணம் தளத்துக்கா, ஒரே ஒரு தலைப்புக்கா? நான்காம் ஆண்டுச் சம்பளம் யார் தருவது?

கடைசிக் கேள்வியைச் சிறிதாக எண்ணாதே. மத்திய அரசின் அறிவியல் பரப்பு அமைப்பான விஞ்ஞான் பிரசார் 2017-ல் இந்தியா சயின்ஸ் வயர் என்ற அறிவியல் செய்திச் சேவையைத் தொடங்கியது. 2023-ல் தாய் நிறுவனமே மூடப்பட்டது. ஒரே தூணில் நின்ற கூரை அது.

கொடுப்பவர் கண்ணியமானவராகவே இருக்கலாம். சைமன்ஸ் அறக்கட்டளையின் பணத்தில் நடக்கும் குவாண்டா இதழ், ஆசிரியர் குழுவின் சுதந்திரத்தோடு இயங்கி 2022-ல் புலிட்சர் பரிசு பெற்றது. ஆனால் கணிதம், இயற்பியல், கணினி அறிவியல், அடிப்படை உயிரியல் என்று அதற்கொரு வேலி உண்டு. உள்ளே முழுச் சுதந்திரம்; வேலிக்கு வெளியே இருக்கும் ஆஸ்பத்திரிகளைப் பற்றி எழுத வேறொருவர் பணம் தர வேண்டும். மலேரியாவுக்கென்று நிதி வந்தால் பாம்புக்கடிக்கு நிருபர் இருக்கமாட்டார். பாம்புக்கடியைப் பற்றி எழுதக் கூடாதென்று யாரும் தடுத்திருக்க மாட்டார்கள்.

செய்தி வரும் வாய்க்காலையும் பார். 1996 முதல் நடக்கும் யுரேக்கலர்ட் என்ற செய்தி அறிக்கைத் தளத்தில் பல்கலைக்கழகங்கள் கட்டணம் கட்டித் தங்கள் அறிக்கைகளை வெளியிடுகின்றன; நமக்கு அது இலவசம். அதை மட்டும் நம்பினால், செய்தித் தொடர்பாளர் வைக்க வசதியில்லாத சிறு ஆய்வகம் உன் கண்ணிலேயே படாது. வாரம் ஒரு நாளாவது ஆய்விதழ்களை நேரடியாகப் புரட்டு.

எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். நிதி புதுப்பிக்க வேண்டிய மாதம். கொடையாளர் ஆதரித்த சுகாதாரத் திட்டம் கிராமத்தில் பலன் தரவில்லை என்று ஒரு செவிலியர் சொன்ன பத்தியை நானே வெட்டினேன். யாரும் போன் செய்யவில்லை, ஒரு மின்னஞ்சல்கூட இல்லை. பயம் என் மேசையிலேயே இருந்தது. அரை நாள் வேலையை விட்டுவிட்டு என்னோடு பேசியவர் அந்தச் செவிலியர். கட்டுரை வந்ததும் படித்துப் பார்த்திருப்பார்.

அன்றிலிருந்து ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். கைவிட்ட செய்தி, தேதி, உண்மையான காரணம். நீயும் ஒன்று வாங்கிக்கொள். ஆறு மாதம் கழித்து இருவர் நோட்டையும் சேர்த்து வைத்துப் படிப்போம்.

அன்புடன்,
அண்ணன்