முதல் ரெகாட்டாவுக்குப் போகும் பிள்ளைக்கு

கண்ணு, இந்தச் சனியும் ஞாயிறும் உனக்கு முதல் ரெகாட்டா, பாய்மரப் படகுப் போட்டி. அதுவும் அம்மி பறக்கும் ஆடி மாதத்தில், சென்னைத் துறைமுகத்துக்கு வெளியே. பாய் கட்டுவதும் சுக்கான் பிடிப்பதும் உன் பயிற்சியாளர் பாடு. அவருக்குச் சொல்ல நேரமிருந்திருக்காது என்று எனக்குத் தோன்றுகிற சிலவற்றை நான் சொல்கிறேன். பாதி என் தப்புகள் தந்தது. மீதி, பக்கத்துப் படகைப் பார்த்துக் கற்றது.

1. சீக்கிரம் போ. போனதும் படகைத் தொடாதே. கால் மணி நேரம் தண்ணீரைப் பார். காலையில் வீசுவது மேல்காற்று. ஊருக்குள் இருக்கும் கட்டடங்களையும் துறைமுகத்துக் கிரேன்களையும் தாண்டி வருவதால் உடைந்து உடைந்து வரும். வேகமும் நிலைக்காது, திசையும் நிலைக்காது. பலத்த வீச்சு இறங்கும் இடத்தில் தண்ணீர் கறுத்துச் சிலிர்க்கும். அந்தக் கறுப்புத் திட்டுகள் எந்தப் பக்கம் அதிகம் என்று கவனி. பிறகு, காற்று ஒரு பக்கம் திரும்பிப் பழைய இடத்துக்கே வருகிறதா, ஒரே பக்கமாக நகர்ந்துகொண்டே போகிறதா என்று பார். திரும்பி வருகிற காற்றானால் பொறுத்திரு, உன் முறை வரும். நகர்ந்துகொண்டே போகிற காற்றானால், அது போகும் பக்கத்துக்கு முந்திப் போனவருக்கே லாபம். மதியம் தென்கிழக்கிலிருந்து கடற்காற்று நுழைந்துவிட்டால் காலையில் படித்தது ஒன்றும் உதவாது. அலுத்துக்கொள்ளாமல் மறுபடி பார்.

2. பயமாக இருந்தால் அதை மறைக்காதே. காற்று மணிக்கு 10 கடல் மைலிலிருந்து 20 ஆக ஏறினால் பாயில் விழும் விசை இரண்டு மடங்கல்ல, நான்கு மடங்கு. அது உன்னால் தாங்குமா என்பது உனக்குத்தான் தெரியும். இறங்குவதா, தொடர்வதா என்ற முடிவு படகோட்டியின் பொறுப்பு என்று விதிப் புத்தகமே சொல்கிறது. அப்பாவின் ஆசைக்கு அதில் இடமில்லை. இறங்கிக் கவிழ்ந்தால் படகை விட்டு நீந்தாதே. மேல்காற்று உன்னைக் கரைக்குத் தள்ளாது, கடலுக்குள் தள்ளும். கவிழ்ந்த படகு தூரத்திலிருந்தும் தெரியும்; அலைக்கு நடுவே ஒரு தலை தெரியாது.

3. தொடக்கத்துக்கு ஐந்து நிமிஷம் முன்பு முதல் கொடி ஏறும். கடைசி ஒரு நிமிஷத்தில் எல்லோரும் தொடக்கக் கோட்டை நெருக்குவார்கள், கத்துவார்கள். நீ கத்தாதே. கோட்டை முந்திவிட்டாயோ என்று சந்தேகம் வந்து, நீலச் சிலுவை போட்ட வெள்ளைக் கொடியும் ஏறினால், திரும்பி வந்து மறுபடி தொடங்கு. ஒரு பையன் அந்தக் கொடியைப் பார்த்தும் பார்க்காதவன்போல் போனான். மற்றவர்களுக்கு வெகு முன்னால் முடித்து, கையைத் தூக்கிக்கொண்டே கரையேறினான். பலகையில் அவன் பெயருக்கு நேரே ஓசிஎஸ், அதாவது கோட்டை முந்தியவன், என்று எழுதியிருந்தது. அவன் அம்மா லட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை, பாவம்.

4. காற்று திரும்பிப் படகின் மூக்கை சுற்றிவர வேண்டிய மிதவையை விட்டு விலக்கினால் டேக் அடி, அதாவது மூக்கைக் காற்றின் ஊடே மறுபக்கம் திருப்பு. ஆனால் ஒவ்வொரு சிணுங்கலுக்கும் அடிக்காதே. டேக் ஒவ்வொன்றும் வேகத்தைத் தின்னும். இதைவிடக் கடினமானது பொறாமை. எதிர்ப்பக்கம் போனவனுக்கு நல்ல காற்று கிடைத்து அவன் சீறிப் போவான். அவன் காற்றுக்கு ஆசைப்பட்டு நீ திரும்பினால், போய்ச் சேரும்போது அங்கே காற்று இருக்காது.

5. போர்ட் டேக்கில், அதாவது இடப்பக்கம் காற்று வாங்கி வருகிற நீ, ஸ்டார்போர்டில், அதாவது வலப்பக்கம் காற்று வாங்கி வருகிறவருக்கு வழிவிட வேண்டும். கடந்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருப்பாய், காற்று திரும்பியதும் இடித்துவிடுவாய். காற்றைக் குற்றம் சொல்லாதே. உடனே விலகிப் போய் இரண்டு சுற்று சுற்று. மிதவையைத் தொட்டால் ஒரு சுற்று. பாயின் நுனி மட்டும்தான் உரசியது, யாரும் பார்க்கவில்லை என்றாலும் சுற்று. இந்த விளையாட்டில் விசில் ஊத ஆள் கூடவே வருவதில்லை. அதனால்தான் எனக்கு இது பிடிக்கும்.

6. 1988 சோல் ஒலிம்பிக்கில் பாய்மரப் போட்டிகள் பூசானில் நடந்தன. ஒரு நாள் கடும் காற்று. கனடாவின் லாரன்ஸ் லெமியூ ஃபின் வகைப் படகில் இரண்டாம் இடத்தில் போய்க்கொண்டிருந்தார். வேறொரு போட்டியின் சிங்கப்பூர்ப் படகு கவிழ்ந்து, இரண்டு பேர் கடலில் தத்தளித்தார்கள். லெமியூ போட்டியை விட்டுத் திரும்பி அவர்களைத் தூக்கி, காவல் படகு வரும்வரை காத்திருந்தார். நடுவர்கள் அந்த ஓட்டத்தின் இரண்டாம் இடத்தை அவருக்கே கொடுத்தார்கள். ஆனாலும் மொத்தத்தில் பதக்கம் இல்லை, 11-ஆம் இடம். ஆபத்தில் இருப்பவருக்கு இயன்ற உதவியெல்லாம் செய்ய வேண்டும் என்பது விதி. இடத்தைத் திருப்பித் தருவார்களா என்று கணக்குப் பார்த்துக்கொண்டு உதவாதே.

7. முதலிடத்துக்கு 1 புள்ளி, இரண்டாமிடத்துக்கு 2. குறைவாக வைத்திருப்பவரே வெல்வார். முப்பது படகு, ஆறு ஓட்டம், மோசமான ஒன்றைத் தள்ளுபடி செய்யலாம் என்று வை. நான்கில் முதலிடம் பிடித்து இரண்டில் கவிழ்ந்து முடிக்காதவனுக்கு, ஒன்றைத் தள்ளியும் 35. எல்லாவற்றிலும் ஐந்தாவதாக வந்தவளுக்கு 25. காற்று முறுக்கிக்கொண்ட நாளில் நான்காவதும் ஐந்தாவதும் நல்ல இடங்கள், கண்ணு. பாய்மரப் படகில் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண், நம் சென்னையின் நேத்ரா குமணன், டோக்கியோவில் 35-ஆவது, பாரீஸில் 21-ஆவது. ஒரே தாவலில் யாரும் மேலே போவதில்லை.

8. ஞாயிறு மாலை உன் படகைக் கரையேற்ற நாலு பேர் கை கொடுப்பார்கள். அவர்கள் படகுக்கும் நீ போய்க் கை கொடு. காவல் படகுப் பையன்கள் நாள் முழுக்க வெயிலில் நின்றவர்கள். பெயர் கேட்டு நன்றி சொல். அப்புறம் பசிக்கும், தூக்கம் வரும், கோப்பை கிடைத்திருந்தால் போட்டோ எடுக்கக் கூப்பிடுவார்கள். போ. ஆனால் பாயையும் கயிற்றையும் கப்பிகளையும் நல்ல தண்ணீரில் அலசாமல் வீட்டுக்குப் போகாதே. அடுத்த சனிக்கிழமைக்குள் உப்பு கப்பிகளை இறுக்கிவிடும்.