முதலில் செண்பகத்தோப்பு, பிறகு ஐரோப்பா

கேள்வி: என் மகள் பி.எஸ்சி. தாவரவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். முடித்ததும் வெளிநாடு போய்ச் சுற்றுச்சூழல் படிக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறாள். வீட்டை அடமானம் வைத்தால்தான் பணம் புரட்ட முடியும். மலையடிவாரத்திலேயே இருந்துகொண்டு காட்டைப் படிக்க வெளிநாடு எதற்கு என்று உறவினர்கள் கேட்கிறார்கள். அனுப்பலாமா?
- ஒரு வாசகி, ராஜபாளையம்

பதில்: தாராளமாக அனுப்பலாம். ஆனால் வீட்டை அடமானம் வைத்து அனுப்ப வேண்டாம். கடன் இல்லாமல் போக வழி இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டஸ் உதவித்தொகை கிடைத்தால் கல்விக் கட்டணம் கிடையாது, செலவுக்கு மாதம் 1,400 யூரோ இரண்டு ஆண்டு வரை தருகிறார்கள். காடு மேலாண்மை, சுற்றுச்சூழல் கொள்கை போன்ற முதுநிலைப் படிப்புகள் அதில் உண்டு. இளநிலை இறுதியாண்டில் இருக்கும்போதே விண்ணப்பிக்கலாம். ஆதிதிராவிடர், பழங்குடியினர் குடும்பமென்றால் தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வி உதவித்தொகைத் திட்டத்தையும் விசாரியுங்கள். ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். ஜெர்மனியில் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கட்டணம் இல்லை என்பது உண்மைதான். ஆனால் விசா வாங்க ஓராண்டுச் செலவுக்கான 11,904 யூரோவை முன்கூட்டியே வங்கிக் கணக்கில் காட்ட வேண்டும். இலவசப் படிப்பு என்ற விளம்பரத்தை நம்பி இறங்கும் பல குடும்பங்கள் கடன் வாங்குவது இந்த இடத்தில்தான்.

உதவித்தொகைக்கு உலகம் முழுவதிலுமிருந்து விண்ணப்பங்கள் குவியும். மதிப்பெண் ஓரளவுக்குத்தான் கைகொடுக்கும். இந்தப் படிப்பு எனக்கு ஏன் வேண்டும் என்று எழுதித் தரும் கடிதத்தில் ஒரு மாணவி தனித்துத் தெரிய வேண்டும். அங்கேதான் உங்கள் ஊர் மலை அவளுக்கு முதலீடாகிறது. உங்கள் ஊரை ஒட்டிய ஸ்ரீவில்லிபுத்தூர் சாம்பல் நிற அணில் சரணாலயம் 1988-இல் அறிவிக்கப்பட்டது. 2021-இல் மேகமலையோடு சேர்ந்து நாட்டின் 51-ஆவது புலிகள் காப்பகமானது. அந்த அணில் தரையில் இறங்கி நடப்பதை விரும்பாது. கிளைக்குக் கிளை தாவியே இரை தேடும். உயர்ந்த மரங்களின் கிளைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் இடத்தில் குச்சியும் இலையும் கொண்டு கூடு கட்டும். காட்டை ஒட்டிய ஒரு மாந்தோப்பிலோ புளியந்தோப்பிலோ நடுவில் நாலு மரத்தை வெட்டினால் அதன் பாதை அறுந்துபோகும். தோப்புக்காரரின் வருமானமும் குறையாமல் இந்தப் பாதையும் அறாமல் இருக்க என்ன வழி? ஒரு முதுநிலை ஆய்வுக்கு இதைவிட நல்ல கேள்வி கிடைக்காது. அந்த மலையின் அடிவாரத்திலுள்ள செண்பகத்தோப்புப் பக்கம் வளர்ந்த பெண் அதை எழுதினால் அதில் உயிர் இருக்கும். கன்சல்டன்சியில் பணம் கட்டி எழுதி வாங்கும் கடிதத்தில் அது வராது.

அப்படி எழுதுவதற்கான தொடக்கம் இந்த இளவேனிலிலேயே இருக்கிறது. சீசன்வாட்ச் என்ற திட்டம் இந்தியா முழுக்க மாணவர்களைக் கொண்டு மரங்களின் பருவ மாற்றத்தைப் பதிவு செய்கிறது. செலவு எதுவும் இல்லை. ஒரு மாமரம், ஒரு புளி, ஒரு கொன்றை என்று தேர்ந்தெடுத்து வாரம் ஒருமுறை பார்க்க வேண்டும். தளிர், முற்றிய இலை, மொட்டு, பூ, காய், கனி ஒவ்வொன்றும் இல்லையா, கொஞ்சமா, நிறையவா என்று குறிக்க வேண்டும். பார்க்கச் சின்ன வேலை. ஆனால் பருவநிலை மாறுவதைக் காட்டும் முறையான சான்று இப்படித்தான் சேருகிறது. சுற்றுச்சூழல் தினத்தன்று ஒரு கன்று நட்டுப் படம் எடுத்துக்கொள்வதைவிட இது நூறு மடங்கு மேல் என்பேன்.

உறவினர்களின் கேள்வியிலும் நியாயம் இருக்கிறது. மேட்டுப்பாளையம் வனக் கல்லூரி, டேராடூன் இந்திய வனவிலங்கு நிறுவனம், பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையம் (என்.சி.பி.எஸ்.) ஆகியவை எந்த நாட்டுக்கும் குறைந்தவை அல்ல. அங்கேயும் முயற்சி செய்யட்டும். ஆனால் இடங்கள் மிகக் குறைவு. பெங்களூரில் வனவிலங்கு முதுநிலைப் படிப்புக்கு இரண்டாண்டுக்கு ஒருமுறைதான் சேர்க்கை. காடு நம்மிடம் இருக்கிறது என்பதற்காக, அதை அளக்கவும் காக்கவும் பிறர் கண்டறிந்த முறைகளைக் கற்க வேண்டியதில்லை என்று ஆகிவிடாது. வேலை கிடைக்குமா என்பது அடுத்த கவலை. ராஜபாளையத்தின் நூற்பாலைகளையும் சத்திரப்பட்டியின் பேண்டேஜ் துணித் தறிகளையும் நினைத்துப் பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2022-இல் சுற்றுச்சூழலுக்கு உகந்த ஜவுளிக்கான கொள்கையை வெளியிட்டது. அந்தச் சந்தைக்கு ஏற்றுமதி செய்பவர்கள் தண்ணீர், சாயம், கார்பன் கணக்கைக் காட்ட வேண்டிய நிலை உருவாகி வருகிறது. அந்தக் கணக்கைப் போடத் தெரிந்தவர்கள் நம் ஊர்களில் மிகச் சிலரே. போனவள் திரும்பி வருவாளா என்று கேட்டால், அதற்கு யாரும் உறுதி தர முடியாது. ஆய்வுக் கேள்வியை ஊரிலிருந்தே எடுத்துப் போனவளுக்குத் திரும்பி வர ஒரு காரணமாவது இருக்கும்.

எராஸ்மஸ் படிப்புகளில் பலவற்றுக்கு அக்டோபரில் விண்ணப்பம் தொடங்கி ஜனவரிக்குள் முடிந்துவிடும். மூன்றாம் ஆண்டில் அவள் விண்ணப்பிக்கும்போது ஆறேழு மாதப் பதிவு கையில் இருக்க வேண்டும். மாங்காய் முற்றுவதற்குள் மரத்தைத் தேர்ந்தெடுத்து, நோட்டில் முதல் தேதியைக் குறிக்கச் சொல்லுங்கள்.