ஆக்டிவேஷன் வாசலில் சிக்கிய சர்வர்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

விண்டோஸ் சர்வர் 2003 ஓடும் இயந்திரங்களைப் பராமரிப்பவர்கள் அஞ்சும் திரை ஒன்று உண்டு. பாஸ்வேர்டு சரியாகத்தான் இருக்கும். ஆனாலும் உள்ளே போகுமுன் விண்டோஸை ஆக்டிவேட் செய்தாக வேண்டும், இப்போதே செய்யலாமா என்று கேட்கும். ‘ஆம்’ என்றால், ஏற்கெனவே ஆக்டிவேட் ஆகிவிட்டது என்று சொல்லிவிட்டு மறுபடி லாகின் திரையில் கொண்டுபோய் நிறுத்தும். சில இயந்திரங்களில் அந்தப் பதிலும் வராது, வெற்று நீலத் திரை மட்டுமே நிற்கும். ‘இல்லை’ என்றாலும் லாகின் திரைதான். இந்த லூப்பைச் சுற்றி வளர்ந்திருக்கும் நம்பிக்கைகள் கோளாறைவிட அதிகச் சேதம் செய்கின்றன. அவை எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே பிழை: சோதிக்கும் பொறிமுறை பழுதானதை, லைசென்ஸ் மீதான தீர்ப்பாக எடுத்துக்கொள்வது.

நம்பிக்கை 1: லூப் வந்தால் லைசென்ஸ் போலி என்று பொருள்.

உண்மை: ஒரே இயந்திரத்தில், ஒரே நேரத்தில் ‘ஆக்டிவேட் செய்’ என்றும் ‘ஏற்கெனவே ஆகிவிட்டது’ என்றும் சொல்லும் அமைப்பு எதையும் தீர்ப்பளிக்கவில்லை, அது தனக்குத்தானே முரண்படுகிறது. 2001-இல் விண்டோஸ் எக்ஸ்பியோடு வந்த ஆக்டிவேஷன் முறையே சர்வர் 2003-இலும் தொடர்ந்தது. பிராடக்ட் கீயையும் வன்பொருளின் அடையாளத்தையும் சேர்த்து, இந்தப் பிரதி இந்த இயந்திரத்துக்குரியது என்று பதிந்துகொள்வதே அதன் வேலை. பிராசசர், ஹார்டு டிஸ்க், நெட்வொர்க் கார்டு, நினைவக அளவு போன்ற பத்துக் கூறுகளை அது ஒப்பிடும். நெட்வொர்க் கார்டு மாறாமலிருந்தால் ஆறு கூறுகளும், அதுவும் மாறியிருந்தால் நான்கு கூறுகளும் மாறும்போதுதான் மறு ஆக்டிவேஷன் கேட்கும். பழைய சர்வரை அப்படியே மெய்நிகர் இயந்திரமாக மாற்றினால் ஏறக்குறைய எல்லாக் கூறுகளும் ஒரே நாளில் மாறிவிடும். தயாரிப்பாளரே முன்னதாக ஆக்டிவேட் செய்து விற்ற பிரதிகள் மதர்போர்டின் பயாஸில் உள்ள அடையாளத்தைத் தேடும், மெய்நிகர் இயந்திரத்தில் அது கிடைக்காது. இந்த இடமாற்றத்தை அந்த லைசென்ஸ் அனுமதிக்கிறதா என்பது நியாயமான கேள்விதான். ஆனால் அதை ஒப்பந்தத்தைப் படித்துத் தீர்க்க வேண்டும், லாகின் திரையைப் பார்த்தல்ல. பூட்டு துருப்பிடித்துத் திறக்க மறுப்பதால் கையில் இருப்பது திருட்டுச் சாவி ஆகிவிடாது.

நம்பிக்கை 2: உள்ளே போக முடியாவிட்டால் சர்வர் செத்துவிட்டது, தரவும் போய்விட்டது.

உண்மை: இந்தத் தடை இயந்திரத்தின் முன் அமர்ந்து லாகின் செய்பவருக்கானது. வட்டில் இருக்கும் கோப்புகளை அது பூட்டுவதில்லை, குறியாக்கம் செய்வதுமில்லை. விண்டோஸில் சர்வீஸ்கள் யாரும் லாகின் செய்வதற்கு முன்பே தொடங்கிவிடுகின்றன. ஆகவே கோப்புப் பகிர்வு, பிரிண்டர், டேட்டாபேஸ் போன்றவை பின்னணியில் தொடர்ந்து வேலை செய்துகொண்டிருக்கக்கூடும். அப்படியானால் முதல் வேலை மற்றொரு கணினியிலிருந்து நெட்வொர்க் வழியே தரவை நகலெடுப்பதுதான். அது முடியாதபோது வட்டைக் கழற்றி வேறோர் இயந்திரத்தில் இணைத்து முழுப் படிமம் எடுக்கலாம். பழுது பார்க்கும் முயற்சி எதுவானாலும் இதற்குப் பிறகே.

நம்பிக்கை 3: ஃபார்மட், அல்லது குறைந்தபட்சம் ரிப்பேர் இன்ஸ்டால், இதுதான் ஒரே வழி.

உண்மை: ரிப்பேர் இன்ஸ்டால் பல இடங்களில் இந்தக் கோளாறின் காரணமே. ஆக்டிவேஷன் திரை என்பது உள்ளுக்குள் ஒரு வலைப்பக்கம். அதைக் காட்டுவது இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரின் பாகங்கள். சர்வர் 2003-இன் சிடியில் இருப்பது எக்ஸ்ப்ளோரர் 6. பிற்பாடு எக்ஸ்ப்ளோரர் 8 நிறுவிய இயந்திரத்தில் அந்தச் சிடியால் ரிப்பேர் செய்தால் பழைய கோப்புகளும் புதிய ரெஜிஸ்ட்ரிப் பதிவுகளும் கலந்துவிடுகின்றன. ஆக்டிவேஷன் கேட்கப்படும், கேட்பதற்கான திரை மட்டும் திறக்காது. தீர்வு எளிது. சாதாரண சேஃப் மோடில் ஆக்டிவேஷன் கேள்வி எழாது. நெட்வொர்க்குடன் கூடிய சேஃப் மோடில் எழும் என்பதால் இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. உள்ளே போய், விண்டோஸ் கோப்புறைக்குள் எக்ஸ்ப்ளோரர் 8 தானே விட்டுவைத்திருக்கும் நீக்கும் நிரலை இயக்கி, இயந்திரத்தை வழக்கம்போல் தொடங்கினால் ஆக்டிவேஷன் திரை வேலை செய்யும். இணையம் இல்லாதபோது, திரை காட்டும் எண்ணைத் தந்து, பதிலுக்கு ஓர் உறுதி எண் பெற்று உள்ளிடும் தொலைபேசி வழியும் இந்த முறையிலேயே வகுக்கப்பட்டிருந்தது.

வேறு காரணங்களும் உண்டு. ஆக்டிவேஷன் நிலையைப் பதிந்துவைக்கும் டபிள்யூபிஏ.டிபிஎல் என்ற சிறு கோப்பு சேதமடைந்திருக்கலாம். அதே வன்பொருளில் எடுத்த காப்புப் பிரதி இருந்தால் திரும்ப வைத்துவிடலாம். வட்டை நகலெடுத்து மாற்றியபின் சி டிரைவ் வேறு எழுத்துக்கு மாறியிருந்தால் லைசென்ஸைச் சோதிக்க முடியவில்லை என்ற பிழைச்செய்தி வரும். இன்னொரு வகையில் ஆக்டிவேஷன் பற்றி ஒரு சொல்லும் வராது. லாகின் ஆன மறு நொடியே வெளியே தள்ளிவிடும். அது ஆக்டிவேஷன் கோளாறே அல்ல. லாகினுக்குப் பின் முதலில் ஓடவேண்டிய யூசர்இனிட் நிரலின் பாதையை ஒரு வைரஸ் மாற்றியிருக்கும். ஆன்டிவைரஸ் அந்த வைரஸை நீக்கியிருக்கும், பாதையைச் சரிசெய்திருக்காது. ஆகவே என்ன செய்தி வருகிறது, கடைசியாக எது மாற்றப்பட்டது என்ற இரண்டு கேள்விகளே பாதி நோயறிதல்.

இத்தனை ஆராய்ச்சிக்குப் பதில் ஒரு மணி நேரத்தில் ஃபார்மட் செய்துவிடலாமே என்று சொல்வோர் உண்டு. வெறும் மேசைக் கணினிக்கு அது பொருந்தலாம். நிறுவனத்தின் ஒரே டொமைன் கன்ட்ரோலரை, காப்பு இல்லாமல் அழித்தால் பயனர் கணக்குகளும் குழுக்களும் கொள்கைகளும் சேர்ந்தே அழியும். அதே பெயரில் புதிய டொமைன் அமைத்தாலும் உள்ளே இருக்கும் பாதுகாப்பு அடையாள எண்கள் வேறாகவே இருக்கும்; பழைய அனுமதிகள் எவையும் பொருந்தா, ஒவ்வொரு கணினியையும் மறுபடி இணைக்க வேண்டும். மிச்சமாகும் நேரத்துக்குக் கொடுக்கும் விலை பல நாள் உழைப்பு.

நம்பிக்கை 4: கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளினாலோ இணையத்தில் கிடைக்கும் ‘ஆக்டிவேட்டர்’ போட்டாலோ தீர்ந்துவிடும்.

உண்மை: டொமைனில் அடையாளத்தைச் சரிபார்க்கும் கெர்பரோஸ் முறை இயல்பாகப் பொறுத்துக்கொள்வது ஐந்து நிமிட வேறுபாட்டை மட்டுமே. சர்வரின் தேதியை மாற்றினால், இதுவரை ஒருவருக்கு இருந்த லாகின் சிக்கல் அலுவலகம் முழுவதற்கும் வரும். ஆக்டிவேட்டர்கள் இன்னும் மோசம். அவை கைவைப்பது லாகினைக் காக்கும் நிரல்களில். கேட்பது கணினியின் உச்ச அதிகாரத்தை. ‘நான் பணம் கொடுத்து வாங்கியதுதானே, தடையை உடைப்பதில் என்ன தவறு’ என்ற வாதத்தில் நியாயம் இருப்பதுபோல் தோன்றும். உரிமை உங்களுடையதாகவே இருக்கட்டும். அதை நிலைநாட்ட, எழுதியவர் யாரென்றே தெரியாத நிரலிடம் நிறுவனத்தின் எல்லாப் பாஸ்வேர்டுகளும் கடந்துபோகும் வாசலை ஒப்படைப்பது தவறு.

நம்பிக்கை 5: புதிய சர்வர்களும் இதே போல் வெளியே பூட்டிவிடும்.

உண்மை: விஸ்டாவில் வைத்திருந்த கடும் முடக்கத்தை முதல் சர்வீஸ் பேக்கில் கைவிடப்போவதாக மைக்ரோசாஃப்ட் 2007 டிசம்பரில் அறிவித்தது. அடுத்த ஆண்டு வந்த சர்வர் 2008, ஆக்டிவேட் ஆகாவிட்டாலும் நினைவூட்டல்களால் நச்சரிக்குமே தவிர நிர்வாகியை வெளியே தள்ளுவதில்லை. இதற்கு விலக்குபோல் தோன்றுவது பிற்காலச் சர்வர்களின் 180 நாள் சோதனைப் பதிப்பு. காலம் முடிந்தபின் அது மணிக்கொரு முறை தானாக அணைந்துவிடும். அங்கும் தேவை ஃபார்மட் அல்ல, முறையான கீ. தயாரித்த நிறுவனமே லாகினை அடைப்பதை விட்டுவிட்டது என்பது இந்தக் கட்டுரையின் வாதத்துக்கு வலுவான சான்று: லைசென்ஸைச் சரிபார்ப்பதும் நிர்வாகியை உள்ளே விடுவதும் வெவ்வேறு வேலைகள்.

சர்வர் 2003-க்கான ஆதரவு 2015 ஜூலை 14-ஆம் தேதியே முடிந்துவிட்டதே, இதைப் போய் ஏன் சரிசெய்ய வேண்டும் என்று கேட்கலாம். இடம்பெயர வேண்டும் என்பதில் மறுப்பில்லை. பாதுகாப்புத் திருத்தங்கள் வராத இயந்திரத்தை இணையத்தோடு இணைத்து வைத்திருப்பது பொறுப்பாகாது. ஆனால் இடம்பெயர்வதற்கும் பழைய வீட்டுக்குள் போயாக வேண்டும்; அமைப்புகளைப் படிக்க வேண்டும், தரவை ஒழுங்காக எடுத்து வர வேண்டும். எனவே வரிசை இதுதான்: முதலில் நகல், பிறகு நோயறிதல், பிறகு சரியான இடத்தில் மட்டும் பழுதுபார்ப்பு, கடைசியில் திட்டமிட்ட மாற்றம். ஃபார்மட் செய்யும் முடிவு இந்த வரிசையின் முடிவில் வந்தால் அது தொழில்நுட்ப முடிவு. தொடக்கத்திலேயே வந்தால் அது பதற்றம் மட்டுமே.