மேசைக் கோப்பு

கிள்ளான் துறைமுகத்திற்கு அருகிலுள்ள ஒரு சரக்கு முகவர் அலுவலகத்தைக் கற்பனை செய்துகொள்வோம். இறக்குமதியாகும் சரக்குக்குச் சுங்கத்துறையின் கே1 பாரத்தை நிரப்ப வேண்டும். அதற்குமுன், விலைப்பட்டியலிலும் கப்பல் நிறுவனத்தின் ஆவணத்திலும் எடையும் பெட்டிகளின் எண்ணிக்கையும் ஒத்துப்போகின்றனவா எனச் சரிபார்க்க வேண்டும். இருபது ஆண்டுகளாக அங்குப் பணியாற்றும் எழுத்தருக்கு இது கைவந்த கலை. அவர் பணி ஓய்வு பெற்ற மறுநாள், புதியவர் எங்கே தொடங்குவது என்று தெரியாமல் திகைப்பார். கொள்கலன் துறைமுகத்தில் தேங்கும். இலவசக் காலவரம்பு முடிந்ததும் சேமிப்புக் கட்டணம் ஏறத் தொடங்கும்.

இந்நிலையைத் தவிர்க்கவே நிறுவனங்கள் தொழில்நுட்ப எழுத்தாளரை நாடுகின்றன. எழுத்தாளர் என்றதும் கதையும் கவிதையும் நினைவுக்கு வரலாம். இவரோ பணிமுறைகளை எழுதுபவர். உண்மையில், இவரது நேரத்தின் பெரும்பகுதி எழுதுவதில் கழிவதில்லை. அருகில் அமர்ந்து பார்ப்பதிலும் கேட்பதிலுமே கழிகிறது. கைதேர்ந்தவர், “ஆவணங்களைச் சரிபார்ப்பேன்” என்று ஒரே வரியில் சொல்லிவிடுவார். எதை எதனோடு ஒப்பிடுகிறார், யாருடைய ஒப்புதலுக்குக் காத்திருக்கிறார் என்பவை பழக்கத்தில் மறைந்து கிடக்கும். “எண்கள் மாறியிருந்தால் என்ன செய்வீர்கள்?” என்ற கேள்விதான் அவற்றை வெளிக்கொணரும். எழுதிய வரைவை அவ்வேலையை அறியாத ஒருவரிடம் கொடுத்துச் செய்யச் சொல்வார். அவர் தடுமாறும் இடம் திருத்தப்படும்.

மலேசிய அரசாங்கம் இத்தேவையை முன்பே உணர்ந்திருந்தது. 1991ஆம் ஆண்டின் பொது நிர்வாக மேம்பாட்டுச் சுற்றறிக்கை எண் 8, அரசு அலுவலகங்களுக்கு இரண்டு ஆவணங்களைப் பற்றி வழிகாட்டியது. ஒன்று, அலுவலகம் முழுமைக்குமான பணிமுறைக் கையேடு. மற்றொன்று, ஒவ்வோர் ஊழியருக்கும் உரிய மேசைக் கோப்பு. மலாயில் ‘ஃபைல் மேஜா’. ஊழியரின் கடமைகள், வேலை நகரும் வரிசையைக் காட்டும் படம், சரிபார்ப்புப் பட்டியல் முதலியவை அதில் இருக்கும். ஊழியர் மாற்றலாகிச் சென்றாலும் கோப்பு மேசையிலேயே தங்கும்.

ஆனால், பலரும் மறந்துவிடுவது ஒன்றுண்டு. பணிமுறை மாறினால் ஆவணமும் மாற வேண்டும். 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கிய பின், ‘எஸ்.ஓ.பி.’ என்னும் சொல் வீட்டுக்கு வீடு புழங்கியது. உணவகங்களுக்கான விதிமுறைகள் பலமுறை மாறின. பிரிக்பீல்ட்ஸ் உணவகம் ஒன்றின் கதவில் அன்று ஒட்டிய தாள் இந்த வாரத்தினதா, போன மாதத்தினதா என்பதை, அதன் மூலையில் தேதி இருந்தால் மட்டுமே வாடிக்கையாளர் அறிந்திருக்க முடியும்.